நாள் குறிக்கும் ஆட்டுக்குட்டி

பிரசவ நாளைத் தாயின் உடம்புதான் தீர்மானிக்கிறது என்று கிட்டத்தட்ட எல்லோரும் நம்புகிறோம். உட்கார்ந்து யோசித்து யாரும் இப்படி நம்பவில்லை. ஆனால் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிட்டால் போதும், அந்த நம்பிக்கை வாய் திறந்து பேச ஆரம்பித்துவிடும். என் தங்கைக்கு அப்படிப் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் குழந்தையைப் பற்றிக் கேட்டதைவிட அவளைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். கனமாக எதையாவது தூக்கினாளா? மாடிப்படி ஏறி இறங்கினாளா? எந்த மாதம் வரை வேலைக்குப் போனாள்? எதையாவது நினைத்துக் கவலைப்பட்டாளா? கேட்டவர்கள் நல்லவர்கள்தான், அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்குள்ளும் ஒரு தீர்ப்பு இருந்தது. அவளோ இன்குபேட்டர் பக்கம் போகவும் முடியாமல் படுத்துக்கொண்டு, கடந்துபோன வாரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேனே, அதனாலயா அக்கா?"

அந்த நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். பிரசவத்துக்கு முன்னால் அவளுக்குப் போட்ட இரண்டு ஊசிகள் குழந்தையின் நுரையீரலைக் காப்பாற்றிவிட்டன, அந்த ஊசி செம்மறி ஆடுகளிடமிருந்து வந்தது என்றார். ஆட்டிலிருந்து எடுத்த மருந்து என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. அப்படி இல்லை, ஆடுகளிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. என் தங்கையின் கேள்விக்கும் ஏதோ ஒரு வகையில் அந்த ஆடுகள்தான் பதில் வைத்திருக்கின்றன என்று தோன்றியதால் படிப்பதை விட முடியவில்லை.

நாள் தாண்டியும் ஈனாத ஆடுகள்

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் மேய்ந்த மந்தைகளில் கொடூரமான ஊனத்தோடு குட்டிகள் பிறந்தன. முகத்தின் நடுவில் ஒரே ஒரு கண். பரம்பரைக் கோளாறு என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த வேய்ன் பின்ஸ், லின் ஜேம்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகள் துருவிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வெராட்ரம் கலிபோர்னிகம் என்ற காட்டுச் செடியை, சினைப்பட்ட 14ஆம் நாளில் ஆடு தின்றால் குட்டியின் முகமும் மூளையும் பிரியாமல் போகின்றன. அந்தச் செடியின் நஞ்சுக்கு சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். அதைப் பின்தொடர்ந்து போன ஆராய்ச்சி பல பத்தாண்டுகள் கழித்து ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு மருந்து கொடுத்தது. அது தனிக் கதை.

என்னைப் பிடித்து நிறுத்தியது கண் இல்லை, நாள். ஒற்றைக் கண் குட்டிகளைச் சுமந்த ஆடுகளில் பல, உரிய நாளில் ஈனவே இல்லை. நாள் தாண்டி வாரக்கணக்கில் சுமந்தன. குட்டி உள்ளேயே வளர்ந்துகொண்டே போனது. தாய்க்கு எந்தக் கோளாறும் இல்லை. கருப்பை நன்றாக இருந்தது, நச்சுக்கொடி நன்றாக இருந்தது. உருக்குலைந்த அந்தக் குட்டிகளின் தலைக்குள், மூளையின் அடியில் இருக்க வேண்டிய பிட்யூட்டரி சுரப்பி மட்டும் இல்லை, அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தென்னாப்பிரிக்கப் பகுதியில் காரகுல் இனச் செம்மறிகளிடமும் இதே மாதிரி ஒன்று நடந்தது. சல்சோலா என்ற புதர்ச்செடியைத் தின்ற ஆடுகள் நாள் கடந்தும் ஈனாமல், பிறகு மிகப் பெரிய குட்டிகளோடு திண்டாடின. அந்தச் செடி கெடுத்தது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலையை. கெர்ன்ஸி இன மாடுகளில் சில பரம்பரைகளில் பிட்யூட்டரி இல்லாமல் உருவாகும் கன்றுகளும் இப்படியே உள்ளே தங்கிவிட்டன. இதற்கெல்லாம் முன்பாக, 1933லேயே மால்பாஸ் என்ற பிரிட்டன் மருத்துவர், மூளை உருவாகாத மனிதக் கருக்கள் சில நாள் கடந்தும் பிறக்காமல் இருப்பதைக் கவனித்து, பிறப்பின் நேரத்தில் குழந்தையின் மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் அட்ரீனலுக்கும் பங்கிருக்கலாம் என்று எழுதிவிட்டார். துண்டு துண்டாகத் தடயங்கள் கிடந்தன. மேய்ச்சல்காரர்கள், கால்நடை மருத்துவர்கள், மகப்பேறு மருத்துவர்கள் ஆளுக்கொன்றைக் கையில் வைத்திருந்தார்கள். எல்லாமே ஒரே திசையைக் காட்டின. வெளியே வரும் நாளைக் குறிப்பது உள்ளே இருக்கும் குட்டி.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது பெரிய நிம்மதி. என் தங்கைக்காக யாரோ சாட்சி சொல்ல வந்த மாதிரி இருந்தது.

லிக்கின்ஸ் கேட்ட கேள்வி

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். மான்ட் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். குழந்தைகள் ஏன் குறைமாதத்தில் பிறக்கின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. நம் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்ட அதே கேள்வி. ஆனால் அவர் தாயை விசாரிக்கவில்லை, கருவை விசாரித்தார். சினை ஆட்டின் கருப்பையைத் திறந்து, உள்ளிருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை மின்சாரத்தால் சுட்டு அழித்து, மறுபடி மூடித் தைத்தார். 1967இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவு: அந்தக் குட்டிகள் நாள் வந்தும் பிறக்கவில்லை. அடுத்த ஆண்டு அதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தார். பிட்யூட்டரி சுரக்கும் ஏசிடிஹெச் ஹார்மோனையோ, அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசாலையோ கருக்குட்டியின் உடலுக்குள் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினார். சில நாட்களிலேயே தாய்க்கு வலி எடுத்தது, நாள் வராமலே குட்டி பிறந்தது. அதே 1968இல் வேறிரு ஆராய்ச்சியாளர்கள், டிராஸ்ட்டும் ஹோமும், கருக்குட்டியின் அட்ரீனல் சுரப்பிகளை எடுத்துவிட்டால் அது உள்ளேயே தங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். 1991இல் இன்னும் ஒரு படி மேலே போய், மூளையில் பிட்யூட்டரிக்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸில் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டத்தை அழித்தாலே குட்டி நாளை மறந்துவிடுகிறது என்று இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன.

ஆக, பாதை இப்படிப் போகிறது. குட்டியின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி ஏசிடிஹெச்சை அனுப்புகிறது. அட்ரீனல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. அந்தக் கார்ட்டிசால் தொப்புள்கொடி வழியாக நச்சுக்கொடிக்குப் போய், அங்கே ஒரு நொதியை எழுப்பிவிடுகிறது. 17 ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்று பெயர். அதுவரை கருப்பையை அமைதியாக வைத்திருந்தது நச்சுக்கொடி சுரந்த புரோஜெஸ்டிரோன். இந்த நொதி விழித்ததும் மூலப்பொருள் ஈஸ்ட்ரோஜென் பக்கம் திரும்பிவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் சரிகிறது, ஈஸ்ட்ரோஜென் ஏறுகிறது, புராஸ்டாகிளாண்டின் பெருகுகிறது, கருப்பை சுருங்க ஆரம்பிக்கிறது. தாயின் உடம்பு இதில் கடைசிக் கண்ணி. உள்ளிருந்து வந்த உத்தரவை அது நிறைவேற்றுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கூச்சலுக்கு முன்னால் வரும் மௌனம். கருக்குட்டியின் அட்ரீனல் சுரப்பி தொடக்கத்தில், 50, 60 நாள் வாக்கில், கொஞ்சம் கார்ட்டிசால் சுரக்கிறது. அப்புறம் சுமார் 90 முதல் 120 நாள் வரை கிட்டத்தட்டத் தூங்கிவிடுகிறது. தட்டினாலும் எழுவதில்லை. அந்தக் காலத்தில் குட்டியின் ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்ட்டிசாலும் தாயிடமிருந்து கசிந்து வந்தது. அதன் பிறகு மெல்ல விழிக்கிறது. கடைசி 10, 15 நாளில் அளவு ஏறத் தொடங்கி, கடைசிச் சில நாட்களில் செங்குத்தாக உயர்கிறது. சாதாரணமாக வளர்ந்த உடம்பில் கார்ட்டிசால் ஏறினால், அதுவே பிட்யூட்டரிக்குப் போய் 'போதும்' என்று தடுத்துவிடும். இங்கே தடுப்பு வலுவிழந்துவிடுகிறது. கார்ட்டிசாலும் ஏறுகிறது, ஏசிடிஹெச்சும் கூடவே ஏறுகிறது. வாழ்நாள் முழுக்க அளவோடு இருக்க வேண்டிய ஓர் ஏற்பாடு, பிறப்பதற்காக ஒரே ஒரு முறை தன் கடிவாளத்தைத் தளர்த்திக்கொள்கிறது.

இவை எல்லாவற்றையும் அளக்க முடிந்ததற்குக் காரணம், 1960களில் உருவான ஒரு நுட்பம். கருக்குட்டியின் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயைப் பொருத்தி, கருப்பையை மூடி, ஆடு எழுந்து நின்று தீவனம் தின்றுகொண்டிருக்கும்போதே நாள்தோறும் குட்டியின் ரத்தத்தை எடுத்துப் பார்க்க முடிந்தது. டென்வரில் மெஸ்கியாவும் பட்டாக்லியாவும் இதற்கு வழிகாட்டியவர்கள். ஆஸ்திரேலியாவில் பேசெட்டும் தார்பர்னும் 1969இல் பிறப்புக்கு முந்தைய கார்ட்டிகோஸ்டீராய்டு (கார்ட்டிசால் வகை ஹார்மோன்) ஏற்றத்தை இப்படித்தான் அளந்தார்கள். பெரிய உடம்பு, பெரும்பாலும் ஒன்றிரண்டே குட்டி, கருப்பையில் கை வைத்தாலும் எளிதில் கலைந்துவிடாத சினை, அதனால் செம்மறி. எத்தனை ஆடுகள் திறக்கப்பட்டுத் தைக்கப்பட்டன, எத்தனை குட்டிகள் பிறக்காமலே அறுத்துப் பார்க்கப்பட்டன என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அந்த ஆடுகளை நன்றியோடு நினைக்காமல் இந்த விஷயத்தை எழுத எனக்கு விருப்பமில்லை.

மூச்சு விட்ட குட்டி

இதுவரை சொன்னது, கார்ட்டிசால் கதவைத் திறக்கிறது என்பது. அதே கார்ட்டிசால் இன்னொரு வேலையும் செய்கிறது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிய உதவும் சர்ஃபாக்டன்டைச் சுரக்கத் தூண்டுகிறது. கல்லீரலில் கிளைகோஜனைச் சேர்த்துவைத்து, தொப்புள்கொடி அறுந்த பிறகு பட்டினியைத் தாங்க வழி செய்கிறது. குடலைப் பாலுக்குத் தயார்ப்படுத்துகிறது. தைராய்டு ஹார்மோனை அதன் வீரியமான வடிவமான டி3 ஆக மாற்றும் நொதியைக் கூட்டுகிறது. கருவின் நுரையீரல் தானே சுரந்த நீரால் நிறைந்திருக்கும். வலி எடுக்கும் நேரத்தில் பொங்கும் அட்ரீனலின் என்ற ஹார்மோன் அந்தச் சுரப்பை நிறுத்தி, நீரை உள்ளிழுக்க வைக்கிறது. ஆனால் டி3யும் கார்ட்டிசாலும் முன்கூட்டியே பக்குவப்படுத்தி வைத்திருந்தால்தான் நுரையீரல் அட்ரீனலினின் பேச்சைக் கேட்கும். இளங்கருவுக்கு எவ்வளவு அட்ரீனலின் கொடுத்தாலும் பயனில்லை. இந்த இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அந்த இளநுரையீரலும் கேட்க ஆரம்பித்துவிடும்.

மூட்டை கட்டுகிறவரிடமே கிளம்பும் நேரத்தையும் முடிவு செய்யச் சொன்ன மாதிரி. கட்டி முடிக்காமல் கிளம்பச் சொல்ல மாட்டார். செம்மறியின் உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது. நாளைச் சொல்வதும் கார்ட்டிசால், தயார்ப்படுத்துவதும் கார்ட்டிசால்.

லிக்கின்ஸ் இதைத் தேடிப் போகவில்லை. அவர் தேடியது வலி எப்படித் தொடங்குகிறது என்பதை. பரிசோதனையில் கார்ட்டிசால் வகை ஸ்டீராய்டு செலுத்திய ஒரு குட்டி 117ஆம் நாளில் பிறந்தது. 147 நாள் இருக்க வேண்டியது, 117. அந்த வயதில் பிறக்கும் குட்டியின் நுரையீரல் ஈரமான சதைக்கட்டிதான். பிழைக்க வழியே கிடையாது. ஆனால் இந்தக் குட்டி மூச்சு விட்டது. திணறித்தான் விட்டது, நீண்ட நேரம் தாங்கவும் இல்லை. அறுத்துப் பார்த்தபோது நுரையீரலின் ஒரு பகுதி விரிந்து காற்று நிரம்பியிருந்தது. 1969இல் வெளியான கட்டுரையில் இதைக் குறிப்பிட்டு, ஸ்டீராய்டு சர்ஃபாக்டன்டின் வருகையை முன்கூட்டித் தூண்டியிருக்கலாம் என்று எழுதினார்.

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். இன்னொருவராக இருந்தால் அந்தக் குட்டியைப் பிறந்த தேதி என்ற ஒரே எண்ணாகக் குறித்துக்கொண்டு அடுத்த ஆட்டுக்குப் போயிருக்கலாம். பரிசோதனை கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, குட்டி சீக்கிரம் பிறந்துவிட்டது. அது மூச்சு விட்டதா இல்லையா என்பது அந்தக் கேள்விக்கு வெளியே இருந்த விஷயம். ஆனால் லிக்கின்ஸ் மகப்பேறு மருத்துவர். குறைமாதத்தில் பிறந்து, விலா எலும்பு உள்ளே இழுக்க மூச்சுக்குப் போராடி, ஒன்றிரண்டு நாளில் இறந்துபோகும் குழந்தைகள் அவருக்கு அன்றாடம். 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் அந்தக் குழந்தைகளிடம் சர்ஃபாக்டன்ட் இல்லை என்று காட்டியிருந்தார்கள். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டாம் நாளே இதே நோயில் இறந்தான். உலகத்தின் அத்தனை வசதியும் கையில் இருந்த குடும்பத்துக்கே செய்ய எதுவும் இல்லாத காலம். அந்தக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் ஒரு ஆட்டுக்குட்டியின் திணறலான மூச்சு பெரிய செய்தியாகத் தெரிந்திருக்கும்.

அவர் காத்திருக்கவில்லை. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து 1969 டிசம்பரில் பெண்களிடம் சோதனையைத் தொடங்கினார். குறைமாதப் பிரசவம் நெருங்கிய தாய்மார்களில் சிலருக்குப் பெட்டமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, மற்றவர்களுக்கு ஒப்பீட்டு ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். 1972இல் 282 தாய்மார்களின் முடிவுகள் வெளியாயின. மூச்சுத்திணறல் நோய் 25.8 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கியிருந்தது. பிறந்த முதல் நாட்களின் இறப்பு 15 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாக. அந்த எண்களை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகும் உலகம் முழுக்க இந்த ஊசி வழக்கத்துக்கு வர இருபது ஆண்டுக்கு மேல் ஆனது என்பதைப் படித்தபோது வந்தது கோபம். வெவ்வேறு நாடுகளில் சோதனைகள் நடந்துகொண்டே இருந்தன, அவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பார் இல்லை. பேட்ரிஷியா குரோலி போன்றவர்கள் தொகுத்துக் காட்டிய பிறகு, 1994இல்தான் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு இதைப் பரவலாகப் பயன்படுத்தச் சொன்னது. மருத்துவச் சான்றுகளைத் திரட்டும் காக்ரன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள், இந்தச் சோதனைகளில் ஏழின் முடிவுகள்தான். தாமதத்தில் இழந்த குழந்தைகளின் நினைவுக் கல்லாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

மனிதரில் அறுந்த முடிச்சு

இனி, என்னைத் தொந்தரவு செய்த இடத்துக்கு வருகிறேன். செம்மறிக் கருவில் ஸ்டீராய்டு போனால் பிரசவம் தொடங்குகிறது. நாள் நெருங்கிய ஆட்டைத் திட்டமிட்ட நேரத்தில் ஈன வைக்கக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அதே டெக்சாமெத்தசோனைக் குறைமாதப் பிரசவ அபாயத்தில் இருக்கும் பெண்ணுக்கும் போடுகிறார்கள். அப்படியானால் அவளுக்கும் வலி எடுத்துவிடாதா? குழந்தையைக் காப்பாற்றக் கொடுத்த ஊசியே குழந்தையை வெளியே தள்ளிவிடாதா?

எடுப்பதில்லை. காரணம், மனித நச்சுக்கொடியில் அந்த 17 ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் நொதி விழிப்பதில்லை. புரோஜெஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜென் பக்கம் திருப்பும் அந்தச் சந்திப்பே நம்மிடம் இல்லை. பெண்ணின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பிரசவம் வரை சரியாமல் இருக்கிறது. மனிதக் கருவிலும் கடைசி வாரங்களில் கார்ட்டிசால் ஏறுகிறது, நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது. ஆனால் கதவைத் திறக்கும் அதிகாரம் அதன் கையில் இல்லை. மூளை உருவாகாத மனிதக் கருக்களைப் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது, எல்லாமே நாள் கடந்து பிறக்கவில்லை என்று தெரிந்தது. சில ரொம்ப முன்னால், சில ரொம்பப் பின்னால். மனிதக் கருவின் மூளை நேரத்தைத் துல்லியமாக்க உதவுகிறது போலும், ஆனால் அது மட்டுமே நேரம் குறிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ராஜர் ஸ்மித்தின் குழு 1995இல், மனித நச்சுக்கொடியே சுரக்கும் சிஆர்ஹெச் ஹார்மோனின் அளவுக்கும் கர்ப்பத்தின் நீளத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. குறைமாதத்தில் பிரசவித்தவர்களிடம் அது முன்கூட்டியே அதிகமாக இருந்தது.

அப்படியென்றால் லிக்கின்ஸ் தன் முதல் கேள்விக்குச் செம்மறியிடமிருந்து பெற்ற பதில் மனிதருக்குப் பொருந்தவில்லை. கேட்காமலே கிடைத்த இரண்டாவது பதில் அப்படியே பொருந்தியது. இதைவிட முக்கியமாக, முதலாவது பொருந்தாமல் போனதால்தான் இரண்டாவதைப் பயன்படுத்த முடிகிறது. நம்மிலும் அந்த முடிச்சு அறுபடாமல் இருந்திருந்தால், நுரையீரலைப் பக்குவப்படுத்தக் கொடுக்கும் எந்த ஸ்டீராய்டும் பிரசவத்தையும் கூடவே இழுத்து வந்திருக்கும். மனிதக் குழந்தை தயாராகும் முன்பே கதவு திறந்துவிடக்கூடும் என்ற ஆபத்தும், அந்தக் குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டே அவசரமாகத் தயார்ப்படுத்தலாம் என்ற வாய்ப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நான் படித்த எதிலும் இதை இப்படிச் சொல்லிப் பார்க்கவில்லை, ஆனால் எனக்கு இந்தக் கதையின் மையம் இதுதான்.

தங்கையிடம் இதைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாள் குறித்தது நீ இல்லை, உள்ளே நடந்த ஒரு கணக்கு என்று. ஆனால் செம்மறிகள் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. 2003இல் ஆக்லாந்திலிருந்தே, ஃபிராங்க் புளூம்ஃபீல்டும் கூட்டாளிகளும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சினையாவதற்கு 60 நாள் முன்பிருந்து சினையாகி 30 நாள் வரை சில ஆடுகளுக்குத் தீவனத்தைக் குறைத்தார்கள். பிறகு நன்றாகவே போட்டார்கள். அந்த ஆடுகளில் பல முன்கூட்டியே ஈன்றன. குட்டிகளின் கார்ட்டிசால் ஏற்றம் முன்னதாகவே தொடங்கியிருந்தது. குட்டி விரல்நுனி அளவுகூட இல்லாத நாட்களில் தாய் பட்ட பசி, மாதங்கள் கழித்து அந்தக் குட்டி குறிக்கும் நாளை மாற்றியிருக்கிறது. தாய்க்கு இதில் பங்கே இல்லை என்று இனி நான் சொல்ல முடியாது.

இரண்டு மூன்று வாரம் அந்தக் கட்டுரை என்னை விடவில்லை. பார்க்க வந்தவர்களின் கேள்விகளுக்கு ஆராய்ச்சியே பக்கபலமாக வந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு மெல்ல வேறொன்று தெரிந்தது. அந்த ஆடு பட்டினியைத் தேர்ந்தெடுக்கவில்லை. தீவனம் எவ்வளவு என்று முடிவு செய்தது வேறொருவர். ஐடஹோ ஆடும் 14ஆம் நாளைப் பார்த்து அந்தச் செடியைத் தேடிப் போகவில்லை, மேய்ச்சல் நிலத்தில் இருந்ததைத் தின்றது. தாயின் உடம்பு காரணங்களின் வரிசையில் இருக்கிறது என்பதற்காக அவள் குற்றவாளி ஆகிவிட மாட்டாள். சரி, காரணம் தேடத்தான் வேண்டும் என்றால், கருவுறுவதற்கு முன்பே பெண்களின் தட்டில் என்ன இருக்கிறது, அதை யார் நிரப்புகிறார்கள் என்று தேடலாம். பஸ்ஸுக்கு ஓடியதையும் மாடிப்படியையும் தோண்டுவதை நிறுத்தலாம். கடைசியில் தங்கையிடம் நான் சொன்னதும் இதுதான், ஆட்டின் பட்டினி உட்பட எதையும் மறைக்காமல். அவள் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஊசியை அந்த நேரத்துல போட்டதுதான் முக்கியம், இல்லையா?" என்றாள்.

முக்கியம்தான். ஆனால் அதிலும் செம்மறிகள் ஒரு எச்சரிக்கை வைத்திருக்கின்றன. தாயின் இயற்கையான கார்ட்டிசால் கருவுக்கு அளவில்லாமல் போய்விடாதபடி நச்சுக்கொடி ஒரு நொதியால் அதைப் பெரும்பாலும் செயலிழக்கச் செய்கிறது. பெட்டமெத்தசோனும் டெக்சாமெத்தசோனும் அந்தக் காவலை ஏமாற்றிக் கடக்கின்றன, அதற்காகத்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு முறை கடந்தால் நன்மை. நாள் தள்ளிப்போகப் போக வாரம் ஒன்று என்று திரும்பத் திரும்பக் கொடுத்தால்? மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜான் நியூன்ஹாமும் ஆலன் ஜோபும் செம்மறிகளில் செய்து பார்த்தார்கள். நுரையீரல் இன்னும் மேம்பட்டது, ஆனால் ஒவ்வொரு கூடுதல் ஊசிக்கும் குட்டியின் எடை குறைந்தது. 2000இல் அமெரிக்காவில் கூடிய இரண்டாவது மாநாடு, ஆராய்ச்சிக்கு வெளியே வழக்கமாகத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டாம் என்றது. லிக்கின்ஸின் முதல் சோதனையில் பிறந்த குழந்தைகளை 30 வயதில் மறுபடி தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2005இல் வந்த அந்த முடிவில் ரத்த அழுத்தத்திலோ கொழுப்பிலோ வேறுபாடு இல்லை, இன்சுலின் விஷயத்தில் மட்டும் லேசான மாற்றம் இருந்தது. ஒற்றை முறைக்கு அது பெரும் ஆறுதல்.

எங்கே, எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதும் சாதாரண விஷயமில்லை. 2015இல் ஆறு நாடுகளில், இந்த ஊசியை மருத்துவ வசதி குறைந்த இடங்களில் பரவலாக்கிப் பார்த்த ஒரு பெரிய சோதனையில், மொத்தத்தில் சிசு இறப்பு குறையவில்லை, கூடியது. 2020இல் வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில், கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணித்து, கவனிப்பு இருக்கும் மருத்துவமனைகளில் டெக்சாமெத்தசோன் கொடுத்த உலகச் சுகாதார நிறுவனத்தின் சோதனையில் இறப்பு தெளிவாகக் குறைந்தது. இரண்டிலும் ஊசி ஒன்றேதான்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: எவ்வளவு? 12 மில்லிகிராம் பெட்டமெத்தசோன், 24 மணி நேரம் கழித்து இன்னொரு 12. 1972இல் லிக்கின்ஸ் கொடுத்த முறை கிட்டத்தட்ட அப்படியே தொடர்கிறது. இதைவிடக் குறைந்த அளவு, ஆனால் விடாமல் இருந்தால், நுரையீரலுக்குப் போதும் என்று செம்மறிப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. அதை நம்பி மனிதரிடம் பாதி அளவைச் சோதித்துப் பார்த்தது பிரான்ஸ், 3000க்கும் மேற்பட்ட பெண்களிடம். 2022இல் வந்த முடிவு, பாதி அளவு முழு அளவுக்குச் சளைத்ததல்ல என்று நிரூபணம் ஆகவில்லை என்பது. அதனால் அந்த இரண்டு ஊசிகளும், அவற்றுக்கு இடையிலான அந்த 24 மணி நேரமும் இன்றும் அப்படியே இருக்கின்றன.